அறுபத்து நான்கு சதவீதம்

கடலூர்
17.9.2025

அன்புத் தங்கச்சி பாத்திமாவுக்கு,

அண்ணன் லூர்துசாமி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பண்ருட்டி ஞானஸ்நான விருந்திலிருந்து திரும்புவதற்குள் நீ பஸ் ஏறிவிட்டாய் என்று அமிர்தத்துக்கு மனத்தாங்கல். "உங்க தங்கச்சி நம்மளப் பாக்க வருதா, வீட்டப் பாத்துட்டுப் போவ வருதா?" என்கிறாள்.

ஈமெயில் போடாமல் கையால் எழுதுகிறேனே என்று பார்ப்பாய். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சனிக்கிழமை நன்றாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் போட்டால் நீலமாக ஒரு திரை வருகிறது. சரியாகத் தொடங்கவில்லை என்று இங்கிலீஷில் சொல்கிறது. தானே அணைகிறது, தானே எரிகிறது, மறுபடியும் அதே நீலம். முப்பத்தோரு வருஷம் சிப்காட்டில் கம்ப்ரஸர் ஓட்டிக் காதைத் தொலைத்தவனுக்குப் போன் பிரயோஜனமில்லை. உன்னோடு பேச எனக்கு இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

அது போகட்டும். கல்லறைப் பட்டியல் அதற்குள் இருக்கிறது. தானே புயலில் மரச் சிலுவைகளெல்லாம் பறந்துபோனதிலிருந்து கல் கட்ட வசதியில்லாதவர்களின் குழி எது என்று யாருக்கும் தெரியவில்லை. எட்டு வருஷமாக வீடு வீடாகப் போய்க் கேட்டு, யார் எந்த வரிசை, மேற்குச் சுவரிலிருந்து எத்தனையாவது குழி என்று ஏற்றி வைத்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது பேர். இந்தக் கல்லறைத் திருநாளுக்கு அதை அச்சடித்து வாசலில் ஒட்டப்போவதாக ஃபாதர் பூசையிலேயே அறிவித்துவிட்டார். நவம்பர் இரண்டாம் தேதி பூவும் மெழுகுவர்த்தியுமாக வந்து நின்று, "எங்கப்பா எங்க சார்?" என்று கேட்பார்கள். நான் என்ன சொல்ல?

எனக்குச் சந்தேகம் மருமகள் மேல். டோனி ஓசூரிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருகிறான். இவள் ஏதோ பேங்க் பரீட்சைக்கு விண்ணப்பம் என்று பிரவுசிங் சென்டர் பென்டிரைவைக் கொண்டுவந்து சொருகுகிறாள். கேட்டால், "நான் தொடல மாமா. சிதம்பரம் அத்தையக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அதனால் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூரா நீ வீட்டில் இருந்தாய். வினோதினி அதில் உட்கார்ந்தாளா?

எப்படிச் சரிசெய்வது என்றும் எழுது. வீட்டில் படித்தவள் நீதான். கார்டில் மட்டும் எழுதாதே. எனக்குக் காது கேட்காது என்று தபால்காரி பட்டம்மாள் வாசலில் நின்று கார்டைக் கத்திப் படிக்கிறது. கண் ஆஸ்பத்திரிக் கார்டு வந்தபோது எனக்குக் கண்புரை என்பது என்னைவிட டீக்கடைக்கு முதலில் தெரிந்தது.

உன் பதிலுக்கு வாசலில் நாற்காலி போட்டிருக்கும்
அண்ணன் லூர்துசாமி


சிதம்பரம்
20.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. என் முழங்கால் பரவாயில்லை. அண்ணி மன்னிக்க வேண்டும்; இருட்டுவதற்குள் வீடு வந்து சேர நினைத்தேன்.

கீழே எழுதியிருப்பதை நிதானமாகச் செய்து பாருங்கள். முதலில் பிரிண்டர், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கீபோர்டும் மவுஸும் போதும். மின்சார வயரைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். நீலத் திரை வந்ததும் டிரபிள்ஷூட் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே ஸ்டார்ட்அப் ரிப்பேர் என்று இருக்கும். அதை ஓடவிடுங்கள். சரிவராவிட்டால் சேஃப் மோடில் திறக்க முயலுங்கள். அதற்கும் அங்கேயே வழி உண்டு. ரீசெட் என்பதை மட்டும் தொட வேண்டாம். அது எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

வினோதினியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் கவனிக்கவில்லை. பெரும்பாலும் முன்னறையில் படுத்திருந்தேன். நிச்சயமாகத் தெரியாமல் ஒருவரைப் பற்றிச் சொல்வது சரியல்ல.

வெயிலில் அலைய வேண்டாம். அண்ணிக்கு என் அன்பு.

இப்படிக்கு
பாத்திமா மேரி


சிதம்பரம்
20.9.2025
(எழுதி, உறையில் போட்டு, அனுப்பாமல் வைத்தது)

அண்ணா,

கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்.

கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளின் பழைய பதிப்புக்கு அக்டோபரோடு பாதுகாப்பு நின்றுவிடும் என்று எங்கள் கல்லூரி நூலகத்தில் எல்லா மெஷினையும் மாற்றினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நீங்கள் பண்ருட்டிக்குப் போனதும் உங்கள் மேசையில் உட்கார்ந்தேன். இந்த மெஷின் பழையது, புதிய பதிப்பு இதில் ஏறாது என்று திரையே சொன்னது. நான் அதை நம்பவில்லை. அந்தத் தடையைத் தாண்ட ஒரு குறுக்குவழி உண்டு, அதைச் செய்தேன். நீங்கள் வந்து பார்த்து, "படிச்சவ படிச்சவதான்" என்று சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

அறுபத்து நான்கு சதவீதத்தில் நின்றது. ஒரு மணி நேரம் பார்த்தேன். அசையவில்லை. நீங்கள் ஐந்து மணிக்கு வந்துவிடுவீர்கள் என்று பயம் வந்தது. பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். அந்த நேரத்தில் வினோதினி காய்ந்த துணியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். என் விரலைப் பார்த்தாள். "அணைக்கிறேன்" என்றேன். "சரிங்க அத்தை. டீ போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க, பஸ்ஸு கூட்டமா வரும்" என்றாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இன்று நான் அனுப்பிய கடிதத்தில் உண்மையான வழியை எழுதவில்லை. அதே நீலத் திரையில், முந்தைய பதிப்புக்குத் திரும்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அதுவே போதும். அதை எழுதினால் புதிய பதிப்பை ஏற்றியது யார் என்று கேட்பீர்கள்.


கடலூர்
26.9.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே மழை பிடிக்கப் பார்க்கிறது. அமிர்தத்துக்கு இருமல்.

நீ எழுதியபடியே, உன் கடிதத்தைக் கீபோர்டு மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் செய்தேன். ஸ்டார்ட்அப் ரிப்பேர் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, என்னால் ஆகாது என்று கைவிரித்துவிட்டது. சேஃப் மோடும் வரவில்லை. "அத ஏன் தட்டிக்கிட்டே கீறீங்க, தட்டுனா தேங்கா மாதிரி சத்தமா வரும்?" என்று அமிர்தம் கேலி பேசுகிறாள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் கதிர்வேல் கடையில் கேட்டேன். பென்டிரைவில் வந்த வைரஸ் என்று நான் சொன்னதும் அவன், "அப்ப ஃபார்மேட்தான் சார்" என்றான். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி, பட்டியலை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்றேன். "வைரஸ் புடிச்ச டிஸ்க்க என் மிஷின்ல மாட்ட மாட்டேன் சார். என் கடையே படுத்துக்கும்" என்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் தெரு அன்பிய ஜெபக் கூட்டத்தில், பட்டியல் என்ன ஆயிற்று என்று ஃபாதர் எல்லார் எதிரிலும் கேட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என் மருமக கைங்கரியம் ஃபாதர், கேக்காமப் பென்டிரைவ சொருகி ஒழிச்சிட்டா" என்று சொல்லிவிட்டேன். அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவில்லை. ஜெபப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீ பார்க்கவில்லை என்று எழுதிவிட்டாய். பார்க்காதது அவள் அதிர்ஷ்டம்.

ஒன்று கேட்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் பட்டியலை உனக்கு ஈமெயிலில் அனுப்பிப் பிழை பார்க்கச் சொன்னேனே. "பார்த்தேன், நன்றாக இருக்கிறது" என்று பதில் போட்டாய். அது இருக்கிறதா?

அன்புடன்
அண்ணன்


சிதம்பரம்
30.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணிக்கு இருமல் நின்றதா? இங்கும் தூறல்.

ஃபார்மேட் வேண்டாம். எக்காரணம் கொண்டும் வேண்டாம். இன்னொரு வழி நினைவுக்கு வந்தது. சில நேரம் மெஷின் தானாகவே புதிய பதிப்பை இறக்கி ஏற்றிக்கொள்ளப் பார்த்து, பாதியில் நின்றுவிடும். உங்களுடையதும் அப்படி இருக்கலாம். நீலத் திரையில் டிரபிள்ஷூட்டுக்கு உள்ளே, முந்தைய பதிப்புக்குத் திரும்பு என்ற பொருளில் கோ பேக் என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கடிதத்தைக் கதிர்வேலிடமும் காட்டுங்கள். அது வைரஸாக இருக்க வாய்ப்பில்லை. ஆகவே வினோதினியை அப்படிப் பேச வேண்டியதில்லை.

பழைய ஈமெயிலைத் தேடிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு
பாத்திமா மேரி


கடலூர்
4.10.2025

பாத்திமா,

சுகம்தானே? உன் கடிதம் இன்றைக்கு மத்தியானம்தான் வந்தது. ஆயுத பூசை, மறுநாள் காந்தி ஜெயந்தி என்று தபால் இரண்டு நாள் நின்றுவிட்டது.

பூசைக்குள் மெஷினைக் கொண்டுவந்தால் சந்தனப் பொட்டு வைத்து வேலை ஆரம்பிக்கிறேன் என்றான் கதிர்வேல். செவ்வாய்க்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நேற்று ஃபார்மேட் செய்து முடித்துவிட்டான். இப்போது புதுசு போல ஓடுகிறது. பொட்டு அப்படியே இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். நின்றுகொண்டே படித்தான். "இத மொதல்லயே சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேல சார். நீங்கதானே வைரஸுன்னீங்க" என்றான். திரும்பி வரும்போது கால் வலித்தது.

வினோதினி உன் கடிதத்தைக் கேட்டு வாங்கினாள். இரண்டு முறை படித்தாள். மடித்துக் கொடுத்துவிட்டு, "டீ போடட்டுமா மாமா?" என்றாள்.

சாயங்காலம் இருநூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கி வந்து, முதல் பக்கத்தில் வரிசை, குழி, பெயர், வருஷம் என்று கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அண்ணன்


கடலூர்
12.10.2025

அன்புத் தங்கச்சிக்கு,

எட்டு நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்பு முடியவில்லையா? முழங்காலா? ஒரு வரி எழுது.

வினோதினி தினமும் சாயங்காலம் நோட்டோடு போகிறாள். காடாம்புலியூரில் முந்திரித் தோப்பில் வளர்ந்த பெண். நம் கல்லறைத் தோட்டத்துக்குள் இதுவரை கால் வைத்ததில்லை. இப்போது ஆளைக் கூட்டிக்கொண்டு போய்க் குழியைக் காட்டச் சொல்லி எழுதிக்கொள்கிறாள். சிலர், "நீதானம்மா அழிச்ச, நீயே எழுது" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்களாம். அமிர்தம் சொன்னாள். இவள், "ஆமாங்க, சொல்லுங்க, அவுங்க எந்த வருஷம்?" என்று கேட்கிறாளாம். இருநூற்றுப் பதினெட்டு பேர் ஆகியிருக்கிறது. நவம்பர் இரண்டுக்குள் எங்கே முடியப்போகிறது?

உன் நலம் அறியாமல் தவிக்கும்
அண்ணன்


சிதம்பரம்
16.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதாமல் இருந்தது வேறு காரணத்தால்.

இத்துடன் இரண்டு இருக்கின்றன. ஒன்று, செப்டம்பர் இருபதாம் தேதி நான் எழுதி அனுப்பாத கடிதம். அதை முதலில் படித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

படித்திருப்பீர்கள். அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. உங்கள் கேள்விக்குக் கவனிக்கவில்லை என்று எழுதியது பொய். மெஷின் தானாகப் பதிப்பை ஏற்றியிருக்கும் என்றதும் பொய். முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் பட்டியல் இருந்திருக்கும். கதிர்வேல் சொன்ன பத்து நிமிடத்தை நினைக்காத நாளில்லை. தபால் தாமதமானதை நான் காரணமாகச் சொல்ல முடியாது. ஒரு போன் செய்திருக்கலாம். உங்கள் வீட்டில் இருக்கும் ஒரே போன் வினோதினியுடையது. அவள் எடுப்பாள், "சொல்லுங்க அத்தை" என்பாள் என்றுதான் செய்யவில்லை.

அவள் மீது எனக்கு விரோதம் எதுவுமில்லை. அவர்கள் கல்யாணத்துக்கு வந்து இரண்டு மணி நேரம் இருந்தேன். அதன் பிறகு அவளிடம் பத்து வார்த்தை பேசியிருப்பேனா தெரியாது. யாரோ ஒருத்தி தலையில் விழுகிறது, என் தலையில் இல்லை என்று இருந்துவிட்டேன். இதை நாகரிகமான வார்த்தையில் எழுதிப் பார்த்தேன். வரவில்லை.

இரண்டாவது, நீங்கள் 2022இல் அனுப்பிய பட்டியல். அச்சடித்திருக்கிறேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். "பார்த்தேன், நன்றாக இருக்கிறது" என்று எழுதினேனே, அன்று நான் அதைத் திறக்கவே இல்லை. இந்த மாதம் ஐந்தாம் தேதிதான் முதல்முறையாகத் திறந்தேன். ஏழாவது வரிசையில், நம் அம்மாவுக்குப் பக்கத்தில், "இடது பக்கக் குழி யார்? பாத்திமாவைக் கேட்கவும்" என்று போட்டிருக்கிறீர்கள். மூன்று வருடமாகக் கேட்டபடி இருக்கிறது. அது மரியலூர்து மாமா. அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். உங்களுக்கு அன்று ஷிப்ட்.

இந்தக் கடிதத்தை வினோதினியிடம் கொடுங்கள். அண்ணிக்கும் ஃபாதருக்கும் அன்பியத்தில் இருந்தவர்களுக்கும் தெரிய வேண்டும்.

பாத்திமா மேரி


கடலூர்
21.10.2025

அன்புத் தங்கச்சி பாத்திமாவுக்கு,

பதிவுத் தபால் வந்தது. இரண்டு கடிதத்தையும் படித்தேன். மறுபடியும் படித்தேன். உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு நாள் ஆகியும் வரவில்லை.

பட்டியலை வினோதினியிடம் கொடுத்தேன். "சிதம்பரத்திலிருந்து வந்தது" என்றேன். வாங்கிக்கொண்டாள். கடிதங்களை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். அமிர்தத்துக்கும் சொல்லவில்லை. இது உனக்கும் எனக்குமாக இருக்கட்டும் பாத்திமா. நம் தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் நீ. உன்னை உதாரணம் காட்டித்தான் இங்கே பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். இந்த வயதில் உன் பேரை இழுத்துத் தெருவில் போட வேண்டுமா? ஃபாதரிடம் மெஷின் பழசு என்று சொல்லிக்கொள்கிறேன். வினோதினி சின்னப் பெண். நாளானால் மறந்துவிடுவாள்.

நேற்றுத் தீபாவளி. அவளை அம்மா வீட்டுக்குப் போய்வரச் சொன்னேன். போகவில்லை. "போனா, மாமனாரு ஊட்டுல கம்ப்யூட்டர ஒடச்சிட்டியாமேன்னு கேப்பாங்க மாமா. இங்கயே இருக்கேன்" என்றாள். இந்தப் பேச்சு காடாம்புலியூர் வரைக்கும் எப்படிப் போனதோ தெரியவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போய்விட்டாள். அமிர்தம் அதிரசம் சுட்டாள். வினோதினி பங்கை நான் மூடி வைத்தேன்.

நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. மாத்திரையை விடாமல் சாப்பிடு. இதற்குப் பதில் வேண்டாம்.

உன் அண்ணன்
லூர்துசாமி


(அஞ்சல் அட்டை)

சிதம்பரம்
25.10.2025

அன்புள்ள வினோதினி,

நலமா? கவர் தீர்ந்துபோனதால் இதைக் கார்டில் எழுதவில்லை, வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். பட்டம்மாள், வழக்கம்போல வாசலில் நின்று சத்தமாகப் படியுங்கள்.

செப்டம்பர் 14ஆம் தேதி லூர்துசாமி அண்ணனின் கம்ப்யூட்டரில் யாரையும் கேட்காமல் புதிய பதிப்பை ஏற்றியது நான், அவருடைய தங்கை பாத்திமா மேரி. அறுபத்து நான்கு சதவீதத்தில் அது நின்றபோது பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டு, நீ போட்ட டீயைக் குடித்துவிட்டு, பஸ் ஏறினேன். உன் பென்டிரைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேட்டதற்குப் பொய் எழுதினேன். ஆயிரத்து நூற்று நாற்பது பேரின் பட்டியல் போனது என்னால்.

என்னைக் கேட்கச் சொன்னாய். நீ சொன்னது சரி.

வரும் செவ்வாய்க்கிழமை அன்பியக் கூட்டத்துக்கு வருகிறேன். அங்கேயும் சொல்வேன். அதன் பிறகு ஞாயிறு வரை இருப்பேன். நோட்டை நீ படி, நான் டைப் செய்கிறேன். உன்னைக் கேட்காமல் எந்தப் பொத்தானையும் தொட மாட்டேன்.

இடம் முடிந்தது. பட்டம்மாள், ஒன்றை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: வினோதினி தொடவில்லை.